செருப்பு ரேக் பக்கத்திலேயே நின்றாலும் பரவாயில்லை

கேள்வி:

வணக்கம் டீச்சர். நாங்கள் செந்தூலில் இருக்கிறோம். மகளுக்கு இரண்டு வயது நான்கு மாதம். எந்தச் சத்தத்துக்கும் ஆடுவாள். பேரங்காடியில் அறிவிப்புக்கு முன்னால் வரும் மணியோசைக்குக்கூட இடுப்பை ஆட்டுவாள். வீட்டுப் பக்கத்தில் கடைவரிசையின் மேல்மாடியில் குட்டிப் பிள்ளைகளுக்கு நடன வகுப்பு ஆரம்பிக்கிறார்கள், வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. பேர் கொடுத்துவிட்டேன். இப்போது எனக்குத்தான் பயமாக இருக்கிறது. வகுப்பில் என்னதான் நடக்கும்? நானும் உள்ளே இருக்க வேண்டுமா? அழுதால் என்ன செய்வது? இன்னும் பேம்பர்ஸ் போடுகிறாள், பரவாயில்லையா? என் கணவர் "ரெண்டு வயசுல என்ன டான்ஸ், காசுக்குப் பிடிச்ச கேடு" என்கிறார். மாமியாரோ இப்போதே அரைமண்டி (முழங்காலை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை) பழக்கினால்தான் பின்னால் உடம்பு வளையும் என்கிறார். நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

— ஒரு தாய், கோலாலம்பூர்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நான் முதல்முதலாகக் குட்டிப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்த கதையைச் சொன்னால் உங்கள் பயம் கொஞ்சம் குறையும். அன்றைக்கு ஏழு பிள்ளைகள் வந்திருந்தார்கள். பெரிய பிள்ளைகளுக்கு எடுக்கிற பழக்கத்திலேயே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தாளம் தட்டுகிற தட்டுமனைப் பலகையை முன்னால் வைத்து, தட்டுக்கழியை எடுத்து, "தெய்யா தெய்" என்று ஒரு போடு போட்டேன். ஒரு பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. அதைப் பார்த்து இன்னொன்று. மூன்றாவது தட்டுக்கு ஏழும் சேர்ந்து அழுதன. வெளியே உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "யாரும்மா பிள்ளைகளை அடிச்சது?" என்று கேட்டார். அதற்கப்புறம் அந்தக் கட்டையை நான் குட்டிப் பிள்ளைகள் வகுப்புப் பக்கமே கொண்டுபோனதில்லை.

ஆக, முதல் வகுப்பில் சொதப்பினால் அது டீச்சர் சொதப்புவது. உங்கள் மகள் சொதப்ப அங்கே ஒன்றுமே இல்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை அவள் அநேகமாக ஆடப்போவதில்லை. பேரங்காடி மணிக்கு ஆடுகிறவள், நீங்கள் பணம் கட்டிக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் உங்கள் காலைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நிற்பாள். உங்கள் கணவர் கேட்டால் "நான்தான் சொன்னேனே" என்பார். நீங்கள் அசராதீர்கள். இரண்டு வயதில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இப்படி நின்று பார்த்துத்தான்.

மூன்றடிகூட இல்லாத அவள் உயரத்துக்குக் குனிந்து அந்த அறையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெயிலில் வந்து, செங்குத்தான மாடிப்படி ஏறி, கதவைத் திறந்தால் ஏர்கோன் குளிர் முகத்தில் அடிக்கிறது. தெரியாத பெரியவர்களின் முழங்கால்களாகவே இருக்கின்றன. மூலையில் ஒரு ஸ்பீக்கர். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்குள் இன்னொரு அம்மாவும் இன்னொரு பாப்பாவும். இதையெல்லாம் பார்த்து முடிக்கவே அவளுக்குப் பாதி வகுப்பு வேண்டும். நான் முதல் நான்கு வாரம் அந்தக் கண்ணாடியைப் பழைய சேலைகளால் மூடிவிடுவேன். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று தெரியும், தெரிவதுதான் தொல்லை. வாயைத் திறந்து நாக்கைப் பார்க்கும், கண்ணாடியை நக்கும், டீச்சர் பக்கம் திரும்பவே திரும்பாது.

சில வருடங்களுக்கு முன்னால் இரண்டரை வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி வந்தாள். கதவோரம் இருக்கும் செருப்பு ரேக்கை விட்டு நகரவே மாட்டாள். பாட்டு ஓடும், மற்றப் பிள்ளைகள் யானையாய் நடக்கும், இவள் பாட்டுக்குச் செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருப்பாள். பெரியவர்களுடையது கீழ்த்தட்டில், பிள்ளைகளுடையது மேல்தட்டில். ஐந்து வாரம் இப்படியே. ஐந்தாவது வாரம் அவளுடைய அம்மா தயங்கித் தயங்கி வந்து, "டீச்சர், செருப்பு அடுக்க எங்க வீட்டிலேயே ரேக் இருக்கு, நிறுத்திக்கிறோம்" என்றார். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

புதன்கிழமை அவரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. சோபாவில் பொம்மைகளை வரிசையாகச் சாய்த்து வைத்து, இந்தப் பெண் எதிரே நின்று, நான் இழுக்கிற அதே இழுவையில், "கை எங்கே... கை இங்கே... ஒளிஞ்சிக்கிச்சு!" என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். யானை நடை, சிலையாய் நிற்பது, துப்பட்டா, கடைசிக் கும்பிடு, ஒன்றையும் விடவில்லை. நடுவில் நான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிப்பேன், அதுவும் இருந்தது. கடைசியாக ஒரு கரடிப் பொம்மையைப் பார்த்து "நீ ஏன் அங்கேயே நிக்கிறே?" என்று கேட்டாள் பாருங்கள், நான் அப்படி யாரையும் கேட்டதே இல்லை என்று இன்றைக்கும் சாதிக்கிறேன். ஆறாவது வாரம் திரும்ப வந்தார்கள். ரேக்கிலிருந்து இரண்டடி தள்ளி நின்றாள்.

சரி, வகுப்பில் என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். இடத்துக்கு இடம் மாறும். என் வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன், மற்ற இடங்களிலும் ஏறக்குறைய இதுதான் இருக்கும். மொத்தம் நாற்பது நிமிடம். அதற்கு மேல் இந்த வயசு தாங்காது. முதலில் எல்லோரும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் பாடிக் கை தட்டுவோம். தன் பேர் வரும்போது சில பிள்ளைகள் முகத்தை அம்மாவின் மடியில் புதைத்துக்கொள்ளும். அடுத்த பிள்ளையின் பேருக்குத் தலையைத் தூக்கிப் பார்க்கும். அப்புறம் கை, தோள், தலை என்று ஒவ்வொன்றாக எழுப்புவோம். பரதத்தில் தலை அசைவு ஒன்பது, கழுத்து அசைவு நான்கு, கண் பார்வை எட்டு என்று கணக்கு உண்டு. குட்டிப் பிள்ளைக்கு அதில் மூன்று போதும்: "வேணும்" என்று மேலும் கீழும், "வேணாம்" என்று பக்கவாட்டில், "எங்கே அது?" என்று சுற்றி. "வேணாம்" எல்லாப் பிள்ளைக்கும் வீட்டிலேயே நன்றாகப் பழகியிருக்கும்.

அடுத்தது நடை. யானை நடை, பூனை நடை, மழையில் குட்டை தாண்டும் நடை. இந்த ஊரில் சாயங்காலம் மழை கொட்டாத நாள் குறைவு என்பதால் குட்டை தாண்டுவது பிள்ளைகளுக்குச் சொல்லித் தராமலே வரும். நடுவில் சட்டென்று பாட்டை நிறுத்துவோம், எல்லோரும் சிலையாக வேண்டும். பார்க்கிறவருக்கு இது வெறும் விளையாட்டு. எனக்கு வகுப்பிலேயே முக்கியமான இரண்டு நிமிடம் அதுதான். ஓடுகிற உடம்பை நிறுத்துவது இரண்டு வயதுக்காரிக்கு ஓடுவதைவிடப் பல மடங்கு கஷ்டம். முதல் வாரம் ஒருவரும் நிற்க மாட்டார்கள். மூன்றாம் வாரம் ஒன்றிரண்டு பேர், ஒரு கால் மட்டும் இன்னும் துடித்துக்கொண்டிருக்க, நிற்பார்கள். காது கேட்கிறது, உடம்பு கேட்கிறது என்று அர்த்தம். தாளத்துக்கு அடித்தளம் அங்கேதான் விழுகிறது. பாட்டின் தாளத்தோடு சரியாகப் பொருந்தி ஆடவேண்டும் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். இந்த வயதில் பிள்ளைகள் தங்கள் வேகத்தில்தான் குதிப்பார்கள். பாட்டு அவர்களோடு வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுவேன்.

பிறகு துப்பட்டாவை மேலே வீசிப் பிடிப்பது, விரலால் மீன், மான், தாமரை செய்வது. பெரிய பிள்ளைகளுக்குத் தாமரை என்றால் அலபத்மம், ஐந்து விரலும் அதனதன் இடத்தில் விரிய வேண்டும். இங்கே ஐந்து விரலையும் விரித்தாலே தாமரைதான். சில சமயம் கை தாமரையாகாமல் தோசைக் கரண்டி மாதிரி இருக்கும், அதையும் வைத்துக்கொள்வோம். கடைசியில் விளக்கைக் கொஞ்சம் தணித்து, அம்மா மடியில் படுத்து, மெதுவான பாட்டு ஒன்று. பூமியைத் தொட்டுக் கும்பிட்டு முடிப்போம். இந்தக் கும்பிடு மட்டும் ஏனோ எல்லாப் பிள்ளைகளும் முதல் நாளே செய்துவிடும், கோயிலில் பார்த்த பழக்கமோ என்னவோ.

நீங்கள் உள்ளே இருக்க வேண்டுமா என்றால், கட்டாயம். மூன்று வயதாகாத பிள்ளையை "விட்டுட்டுப் போங்க, அழுது அடங்கிடும்" என்று சொல்கிற இடமாக இருந்தால் எனக்குப் பிடிக்காது. நான் என் பேத்தியைச் சேர்க்க மாட்டேன். உள்ளே இருப்பது என்றால் சுவரோரம் உட்கார்ந்து போன் பார்ப்பது இல்லை. நீங்களும் யானையாக நடக்க வேண்டும். அவள் டீச்சரைவிட உங்களைத்தான் பார்ப்பாள். அம்மா கூச்சப்படாமல் தும்பிக்கையை ஆட்டினால், இந்த இடம் பரவாயில்லை போலிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும். "ஆடும்மா, ஆடு, வீட்ல ஆடுனியே" என்று மட்டும் முதுகில் கை வைத்துத் தள்ளாதீர்கள். தள்ளத் தள்ள ஒட்டிக்கொள்வார்கள்.

அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே படிக்கட்டுப் பக்கம் வாருங்கள். தண்ணீர் கொடுங்கள், கீழே போகிற மோட்டார் சைக்கிளை எண்ணுங்கள், அழுகை தணிந்ததும் கதவோரம் வந்து நின்று பாருங்கள். உள்ளே வர மாட்டேன் என்றால் கதவோரமே போதும். டீச்சரிடம் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், எங்களுக்கு இது வாராவாரம் நடப்பது. அவள் ஏதோ ஒன்றில் மூழ்கியிருக்கும்போது சொல்லாமல் கழிவறைக்கு நழுவுவது மட்டும் கூடாது. போவதானால் "அம்மா டாய்லெட் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அழுதாலும் சரி. சொல்லாமல் ஒருமுறை காணாமல் போனால் அடுத்த நான்கு வாரம் உங்கள் சட்டையை விட மாட்டாள்.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ உங்கள் கணவரை அனுப்பிப் பாருங்களேன். சும்மா சொல்லவில்லை. என் வகுப்பில் பிள்ளைகளை அதிகம் சிரிக்க வைத்தவர், ஆபீஸ் கால்சட்டையோடு வந்து, "எனக்கு இதெல்லாம் வராது டீச்சர்" என்று சொல்லிவிட்டு, தவளை மாதிரி தாவும்போது கால்சட்டை கிழிந்துபோன ஓர் அப்பாதான். அதற்கப்புறம் அவர் வேட்டைக்காரன் மாதிரி பாக்கெட் வைத்த பெரிய அரைக்கால் சட்டையில் ஒரு வாரம்கூட விடாமல் வந்தார்.

இரண்டு வயதில் என்ன டான்ஸ் என்று அவர் கேட்டதற்கு நம்மிடம் பழைய பதில் ஒன்று இருக்கிறது. பிள்ளைத்தமிழில் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரித்துப் பாடுவார்கள் அல்லவா? காப்புக்கு அடுத்த பருவமே செங்கீரை. ஐந்தாம் மாதத்தில் குழந்தை இரு கையையும் ஊன்றி, ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, தலையை நிமிர்த்தி அசைந்தாடுவதைத்தான் "செங்கீரை ஆடுக" என்று பாடினார்கள். ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி, கை கொட்டுவது. அம்புலியைக் கூப்பிட்டுக் கை நீட்டுவதற்கும் ஒரு பருவம் ஒதுக்கினார்கள். நம் பாட்டிமார் மடியில் வைத்துச் சாய்ந்தாட விட்டதும் கை வீச வைத்ததும் இதே வரிசைதான். ஆகவே உங்கள் மகள் ஏற்கெனவே இரண்டு வருடமாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள், வீட்டில். சனிக்கிழமை வகுப்பு கூடுதலாகத் தருவது மற்றப் பிள்ளைகள், ஓட ஒரு பெரிய தரை, உங்களுக்கு நாற்பது நிமிடம் போன் இல்லாத நேரம். அதற்கு அந்தக் காசு தகுமா என்பது உங்கள் வீட்டுக் கணக்கு. தகாது என்று தோன்றினால் வரவேற்பறையில் மேசையை ஓரமாக நகர்த்திவிட்டுப் பாட்டுப் போட்டு ஆடினாலும் அவளுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. வகுப்பு நடத்துகிற நானே இதைச் சொல்கிறேன்.

மாமியாரின் அரைமண்டிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் மட்டும் பிள்ளைக்குக் கெடுதல் நடக்க வழி இருக்கிறது.

அரைமண்டி முழங்காலில் இருந்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது வருவது இடுப்பு மூட்டிலிருந்து. தொடை எலும்பே வெளிப்பக்கம் திரும்ப வேண்டும், முழங்காலும் பாதமும் அதன் பின்னால் போக வேண்டும். ஆனால் குழந்தை பிறக்கும்போது தொடை எலும்பின் மேல்முனை முன்பக்கமாக முறுக்கிக்கொண்டிருக்கும், சுமார் 40 பாகை. வளர வளர அந்த முறுக்கு மெல்ல அவிழ்ந்து, பெரியவர்களான பிறகு சுமார் 15 பாகையில் நிற்கும். குட்டிப் பிள்ளைகள் பலர் பாதம் உள்ளே திரும்ப நடப்பதும், இரண்டு காலையும் பின்பக்கமாக விரித்துப்போட்டு நடுவில் உட்காருவதும் இதனால்தான். உடம்பு உள்பக்கம் திரும்பியிருக்கிற வயதில் வெளிப்பக்கம் திருப்பு என்று அதட்டினால் என்ன ஆகும்? இடுப்பு கொடுக்காததைப் பிள்ளை முழங்காலையும் கணுக்காலையும் திருகி எடுக்கும். பார்க்க அரைமண்டி மாதிரியே இருக்கும். பாதத்தின் உள்விளிம்பு மட்டும் தரையில் சப்பென்று சரிந்திருக்கும். இந்தப் பழக்கத்தோடு ஏழு வயதில் என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு முதல் ஒரு வருடம் அதை மறக்கடிப்பதே வேலையாகிவிடுகிறது. புதிதாக வருகிற பிள்ளைக்குச் சொல்லித் தருவது இதைவிடச் சுலபம்.

கால் எலும்பும் இந்த வயதில் ஒரு நிலையில் நிற்பதில்லை. இரண்டு வயது வரை கால்கள் கொஞ்சம் வில் மாதிரி வெளியே வளைந்திருக்கும். மூன்று நான்கு வயதில் அப்படியே மாறி முழங்கால் இரண்டும் இடிக்கும். ஆறு ஏழு வயதுக்குள் தானாக நேராகும். உள்ளங்காலிலும் கொழுப்பு நிறைந்து தட்டையாகத்தான் தெரியும், வளைவு பிறகுதான் எழும். இதெல்லாம் இயல்பு. ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ, வலி என்று சொன்னாலோ, நொண்டினாலோ, எப்போதும் நுனிக்காலிலேயே நடந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அது நடன டீச்சர் பார்க்கிற விஷயம் இல்லை.

மாமியாரிடம் இதையெல்லாம் பாடமாக எடுக்க வேண்டாம். ஒன்று செய்யுங்கள். உங்கள் மகள் தரையில் ஊரும் எறும்பைப் பார்க்க உட்காருவாள் இல்லையா, அப்போது அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். குதிகால் இரண்டும் தரையில், முதுகு நேராக, தலை தளர்வாக, கையில் ஒரு பிஸ்கட் வேறு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படியே உட்காருவாள். பதினைந்து வயதுப் பெண்களிடம் நான் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்கும் இடுப்பு அது. இப்போதே அவளிடம் இருக்கிறது; வளையவில்லை என்று யார் சொன்னது? அது போகாமல் இருக்க அவளை நிறைய ஓட, ஏற, குந்த விட்டால் போதும்.

அடவு, அதாவது பரதத்தின் அடிப்படை அசைவுகள், தொடங்க ஐந்து, ஆறு, ஏழு வயது என்று டீச்சருக்கு டீச்சர் சொல்வார்கள். நான் ஆறு வயதுக்குக் குறைந்து எடுப்பதில்லை. இரண்டு வயதுப் பிள்ளை இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்கப் பழகுகிற சமயம் இது. ஒற்றைக் காலில் நொண்டியடிக்க நான்கு வயதாகும். வலது எது இடது எது என்று தடுமாறாமல் சொல்ல அதற்கும் மேலே. நாட்டடவில் ஒரு காலை நீட்டிக் குதிகாலைக் குத்த வேண்டும், அதே நேரம் கை இன்னொரு பக்கம் போக வேண்டும், வாய் "தெய்யா தெய்" மாதிரி சொல்லுக்கட்டைச் சொல்ல வேண்டும். இதெல்லாம் ஒன்றாகக் கூடி வர பள்ளியில் முதலாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வயசு சரியாக இருக்கும். அப்போது ஒரு விஜயதசமியில் பாட்டியே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வெற்றிலை பாக்கு பழம் வைத்துச் சேர்த்துவிடட்டும். அவர் மனதில் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் மாதிரி ஓர் இடம் இருந்தால், அது 1981-லிருந்து இருக்கிறது, இன்னும் நான்கு வருடத்தில் எங்கேயும் போய்விடாது. இன்னும் சமாதானமாகவில்லை என்றால் நம் ஊர் நடனக் கலைஞர் ராம்லி இப்ராஹிமைச் சொல்லுங்கள். பொறியியல் படித்து, மேலை நாட்டு நடனத்தில் தேர்ந்தவர். அவர் இந்தியாவுக்குப் போய் அடையார் கே. லக்ஷ்மணனிடம் பரதமும் தேவ பிரசாத் தாஸிடம் ஒடிசியும் கற்றது வளர்ந்த பிறகுதான். 1983-ல் இதே கோலாலம்பூரில் சூத்ரா என்ற நடனக் குழுவைத் தொடங்கி உலகமெல்லாம் ஆடிவிட்டார்.

அதுவரை பாட்டிக்கு வேறு வேலை கொடுங்கள். லிப்டுக்குக் காத்திருக்கும்போது, சோறு ஊட்டும்போது, அவள் தொடையில் தட்டிக்கொண்டு "தகிட" என்று மூன்று, "தகதிமி" என்று நான்கு, "தகதகிட" என்று ஐந்து சொல்லச் சொல்லுங்கள். எண்ண வேண்டாம், விளக்க வேண்டாம், சும்மா சொல்லட்டும். ஐந்துதான் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், நொண்டுகிற மாதிரி இருப்பதால். ஆறு வயதில் வகுப்புக்கு வரும்போது கண்ட நடை என்கிற அந்த ஐந்து அவளுக்குப் பாட்டி வீட்டுச் சாமான் மாதிரி பழகியிருக்கும். விருந்தாளிகள் வந்தால் "பாட்டிக்கு ஆடிக் காட்டு, மாமாவுக்கு ஆடிக் காட்டு" என்று மட்டும் நிறுத்தி வைக்க வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நன்றாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அதிலேயே கூசிப்போய் நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேம்பர்ஸ் ஒரு பிரச்சினையே இல்லை, கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள், பையில் ஒன்று வையுங்கள். பருத்திச் சட்டையும் முட்டி தெரிகிற அரைக்கால் சட்டையும் போதும். பட்டுப் பாவாடை வேண்டாம், மிதித்து விழுவாள். மணி வைத்த கொலுசு, மாலை, சின்ன ஹேர்கிளிப் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். மணி கழன்று தரையில் கிடந்தால் அடுத்த பிள்ளை வாயில் போடும். காலுறையும் வேண்டாம், வழுக்கும், வெறுங்கால்தான். சாப்பாடு ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடியட்டும், குறிப்பாகப் பால். யானை நடைக்கு நடுவே மைலோ வெளியே வந்த கதையெல்லாம் என்னிடம் உண்டு. பத்து மணி வகுப்பு நல்ல நேரம். தூங்கும் நேரத்தில் வைத்திருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். பத்து நிமிடம் முன்னால் போய்க் காலி அறையை அவள் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கட்டும்.

காய்ச்சலோ, வாயில் புண்ணோ, உள்ளங்கை பாதத்தில் கொப்புளமோ இருந்தால் அந்த வாரம் வராதீர்கள். கை, கால், வாய் நோய் நம் ஊர் தாஸ்காக்களில் (குழந்தைப் பராமரிப்பு இல்லங்களில்) எப்படிப் பரவும் என்று உங்களுக்கே தெரியும். ஒரே துப்பட்டாவைப் பத்துப் பிள்ளைகள் கடிக்கிற இடம் இது.

டீச்சரிடம் கேட்க வேண்டியது ஒன்றிரண்டு உண்டு. எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள், பெற்றோரோடு எட்டு ஜோடி வரை சமாளிக்கலாம். மாடிப்படிக்குக் கதவோ தடுப்போ இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கடைவரிசை மேல்மாடிகளில் எனக்கு எப்போதும் பயம் அந்தப் படிதான். பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டிய அளவுக்குப் பாட்டு அலறினால், தயங்காமல் குறைக்கச் சொல்லுங்கள். பணத்தை முழுத் தவணையாக முதல் நாளே கட்டாதீர்கள். நான்கு வாரத்துக்கு மட்டும் வாங்குவார்களா என்று கேட்டுப் பாருங்கள், ஆறு வாரம் என்றால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகும் சனிக்கிழமை காலை என்றாலே கட்டிலுக்கு அடியில் ஒளிகிறாள் என்றால் விட்டுவிடுங்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வகுப்பு முடிந்ததும் "இன்னைக்கு என்ன கத்துக்கிட்டே?" என்று காரிலேயே விசாரிக்காதீர்கள். அப்புறம், முக்கியமானதைச் சொல்ல மறந்துவிட்டேன். உள்ளே வர அழுத பிள்ளைகளில் பாதிப்பேர் வெளியே போகவும் அழுவார்கள். இன்னும் ஒரு தடவை கண்ணாடி பார்க்க வேண்டும், துப்பட்டாவைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன், செருப்பை நானேதான் போடுவேன் என்று படியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். பார்க்கிங் ஆப்பில் ஒரு மணி நேரம் போடாமல் ஒன்றரை மணி நேரமாகப் போட்டு வையுங்கள்.